கடற்கரையில் சொன்ன ஆமென்

எப்சிபாவுக்குக் கடல் பிடிக்கும். கடல் மணல் பிடிக்காது. அது சேலை மடிப்பில் ஏறும், தலைமுடியில் ஏறும், அசந்தால் சோற்றிலும் ஏறிவிடும் என்பாள். அப்படிப்பட்டவளை மகன் ஜோயல் மூன்று நாள் மணலிலேயே படுக்க வைக்கக் கூட்டிக்கொண்டு வந்தான். மணப்பாட்டிலிருந்து தெற்கே கடலை ஒட்டியே வேனில் போவது, மனசுக்குப் பிடித்த இடத்தில் கூடாரம் போடுவது, மறுநாள் பிரித்துக்கொண்டு மேலே போவது என்று ஏற்பாடு. வேனுக்கு டிரைவர் கிடையாது, அதுவே ஓடும். கூடாரத்துக்கும் கயிறு, முளைக்குச்சி எதுவும் கிடையாது. பையை உதறிப் போட்டால் தானே காற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கும். எழும்போது புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கும் எட்வினின் மூச்சு மிஷின் அவளுக்கு ஞாபகம் வந்தது.

எட்வின் அவள் கணவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. பெரிய காயம்கூட இல்லை. தலை மட்டும் நடைபாதை விளிம்பில் பட்டது. அன்றிலிருந்து அவர் கண் திறக்கவில்லை. குழாய் வழியே சாப்பாடு, மிஷின் வழியே மூச்சு. எப்சிபா தினமும் காலையில் போய் முகம் துடைத்து, சவரம் பண்ணிவிட்டு, பேப்பர் வாசித்துக் காட்டுவாள். குறுக்கெழுத்துப் போட்டியை மட்டும் பாதியில் நிறுத்தி, "மிச்சத்த நீங்க எந்திச்சுச் சொல்லுங்க" என்பாள்.

மூளை இனி விழிக்காது, நிறுத்திவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லி வெகுநாளாகிறது. நிறுத்துவதற்கு மனைவியின் இசைவு வேண்டும். அந்தக் காலம் மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது. கையெழுத்தை மிரட்டி வாங்கலாம், கெஞ்சி வாங்கலாம், கட்டைவிரலைப் பிடித்து மை தடவியும் வாங்கலாம். அப்படி வாங்கி வாங்கி ஊர் சிரித்த பிறகுதான் இசைவுச் சட்டம் வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை. நாடி, வியர்வை, மூச்சு, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் அது பார்க்கும். வாய் சொல்வதும் மனம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் பச்சை எரியும். இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் ஆயிரம் தடவை சரி என்றாலும் செல்லாது.

எப்சிபாவை இரண்டு தடவை கேட்டார்கள். முதல் தடவை அவள் முடியாது என்றாள். இரண்டாம் தடவை, ஜோயலும் அவன் தங்கச்சி கெசியாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று கண் கலங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், "சரி, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். பட்டை சிவப்பாக எரிந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவள் பட்டையை மறு கையால் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாத தன் மனசு ஒரு மிஷினுக்காவது தெரிந்ததே என்ற நன்றி. அதற்குப் பிறகு அவள் அதைக் கழற்றவே இல்லை. பிரஷரும் பார்த்துச் சொல்கிறது, காவலுக்கும் ஆயிற்று.

இந்தப் பயணத்துக்கு அவள் லேசில் சம்மதிக்கவில்லை. கெசியா பெங்களூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மருமகள் ஷீபா, "அத்தை, எங்கம்மா மூணு நாளும் மாமா பக்கத்துலயே இருப்பாவ, நான் பொறுப்பு" என்றாள். ஜோயல், "நீங்க கண்ணாடியில ஒங்க மொகத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டான். மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னால் அம்மியும் நகரத்தானே செய்யும். நகர்ந்தது.

வந்த பிறகு, உள்ளதைச் சொல்ல வேண்டும், எப்சிபாவுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் நீலக் கடல், மறு பக்கம் செக்கச்சிவந்த தேரி மணல், நடுவே தாழம்புதர். கெசியா அவளை உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். ஷீபா முதலூர் மஸ்கோத் அல்வாவைத் தேடி வாங்கி வந்திருந்தாள். கருப்பட்டிக் காப்பி கேட்கும் முன் கைக்கு வந்தது. ஜோயல் சாளை மீனை மசாலா தடவிச் சுட்டு, முள்ளை எடுத்து அம்மா தட்டில் வைத்தான். "என்னல, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எனக்கு உபசாரம் நடக்கு" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஷீபா மட்டும் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. அவர்கள் வீட்டில் விளக்குப் போடும் நேரத்தில் ஜெபம் தவறாது. எட்வின் நடத்துவார், அவர் விழுந்த பிறகு எப்சிபா. ஜோயல் கல்லூரிக்குப் போன வருடம் அப்பாவோடு வாதம் பண்ணி, இனி எனக்கும் உங்க சாமிக்கும் பேச்சில்லை என்று எழுந்து போனவன். அதற்குப் பிறகு ஜெபம் ஆரம்பித்தால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வான். பதினைந்து வருடமாக எப்சிபா கடவுளிடம் கேட்டதெல்லாம் அவன் வாசலிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பதுதான். எட்வினும் அதையேதான் கேட்டார். கேட்டுக்கொண்டேதான் விழுந்தார்.

அன்றைக்கு அவள் கண்ணை மூடி வாயைத் திறக்கப் போனபோது, ஜோயல் அவள் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு நான் பண்ணட்டுமாம்மா?"

எப்சிபா தலையை மட்டும் ஆட்டினாள். ஜோயல் மணலில் முழங்கால் போட்டு ஜெபித்தான். கடலுக்காக நன்றி சொன்னான், காற்றுக்காக நன்றி சொன்னான், அம்மாவுக்காக நன்றி சொன்னான். பிறகு சொன்னான்: "எங்கள் தகப்பனை உம்முடைய கரத்தில் தருகிறோம் ஆண்டவரே. அவரை மூச்சுக் கருவியில் பிடித்து வைத்திருக்க எங்களுக்கு விருப்பமில்லை. கருவியை நிறுத்தி அவரை உம்மிடம் அனுப்ப எங்களுக்குச் சம்மதம். ஆமென்."

ஜெபத்தில் யாராவது மூச்சுக் கருவி என்று சொல்வார்களா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் படித்தவன், அவன் வாயில் அதுதான் வரும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். எட்வினை நினைத்தாள். பாருங்க, ஒங்க மகன் முழங்கால் போட்டுட்டான் என்று மனசுக்குள் சொன்னாள். நெஞ்சு நிறைந்து, எந்தக் கலக்கமும் இல்லாமல், கண்ணைத் திறக்காமலே கடல் கேட்கும்படி "ஆமென்" என்றாள்.

இரண்டாம் நாள் வேறொரு கரையில், அதே நேரத்தில், அவனே ஜெபித்தான். முடிவில் அதே வார்த்தைகள் வந்தன. எப்சிபா அதே நிறைவோடு ஆமென் சொன்னாள். அன்று படுக்கும் முன் கெசியாவிடம், "அப்பா அடிபட்டதுலயும் கர்த்தர் ஒரு நன்மை வச்சிருக்காரு பாத்தியா" என்றாள். கெசியா அம்மாவின் பின்னலைத் தடவிக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலமும் ஜெபம் நடந்தது. எப்சிபா ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினாள்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். ஜோயலும் கெசியாவும் படகு வந்த இடத்துக்கு மீன் பார்க்கப் போயிருந்தார்கள். ஷீபா அடுப்பில் காப்பிக்கு வைத்திருந்தாள். ஜோயலின் போன் வேன் பக்கத்தில் சார்ஜில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. எப்சிபா எடுத்தாள்.

"ஜோயலோட அம்மா பேசுதேன். அவன் மீனு வாங்கப் போயிருக்கான்."

"எப்சிபா அம்மாவா?" ஒரு பெண் குரல், பதமான குரல். "இசைவு மையத்துல இருந்து தமயந்தி பேசுறேன்மா. உங்க மகன் நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. உங்க இசைவு மூணு தடவையும் பச்சையாப் பதிவாயிருக்கு. இன்னைக்கு மதியம் ஆஸ்பத்திரியில கருவியை நிறுத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லணும்ங்கிறது எங்க வழக்கம். மனசைத் தைரியமா வெச்சிக்கங்கம்மா."

எப்சிபாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "நீங்க யாருக்கோ போட வேண்டிய போன எனக்குப் போட்டுட்டீங்கம்மா. நான் எந்த இசைவும் கொடுக்கல."

"கொடுத்திருக்கீங்கம்மா. உங்க மகன் விண்ணப்பம் போட்டிருக்காரு. அதிகாரிங்க முன்னாடி உங்களுக்குப் பதட்டம் வருது, பழக்கமான முறையில வீட்டாளுங்களே கேக்கட்டும்னு. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. சில பேருக்கு அடுப்படியில வெச்சுக் கேப்பாங்க, சில பேருக்குக் கோயில்ல. உங்களுக்கு ஜெபத்துலன்னு எழுதியிருக்காரு. கேக்குறீங்களா, போட்டுக் காட்டுறேன்."

போனில் அலைச் சத்தம் கேட்டது. பிறகு ஜோயலின் குரல். கடலுக்காக நன்றி, காற்றுக்காக நன்றி. கருவியை நிறுத்தி அவரை உம்மிடம் அனுப்ப எங்களுக்குச் சம்மதம். அதைத் தொடர்ந்து ஒரு பொம்பளையின் குரல், வாய் நிறைய, ஆமென்.

தன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எப்சிபாவுக்கே தெரியாது. வேனின் படியில் உட்கார்ந்தாள். எதிரே ஷீபா இரண்டு கையிலும் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்கம்மா," என்றாள் எப்சிபா போனில். "நான் சம்மதிக்கல. எனக்குச் சம்மதம் இல்ல. ஏமாத்திட்டான். எம்மவன் என்ன ஏமாத்திட்டான்."

பட்டை அவள் மணிக்கட்டில் சிவப்பாக எரிந்தது.

அந்தப் பக்கம் தமயந்தி, "இசைவைத் திரும்ப வாங்கிக்கலாம்மா, உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா கோபத்துல சொல்றது செல்லாது. அழுகையில சொல்றதும் செல்லாது. பச்சை எரியும்போது சொல்லணும்" என்றாள்.

"இது என்னம்மா நியாயம்? ஏமாந்தவளுக்குக் கோவம் வராதா?"

"உங்கள மாதிரி இருக்கிறவங்கள யாரும் பயமுறுத்திச் சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான்மா அந்த விதி போட்டது." தமயந்தியின் குரல் இப்போது அத்தனை பதமாக இல்லை. "மதியம் வரைக்கும் நேரம் இருக்கு. கொஞ்சம் ஆறி உட்காந்துட்டு இதே நம்பருக்குக் கூப்பிடுங்க. நான் வேற லைன் எடுக்காம இருக்கேன்."

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று கை நீட்டிய சட்டம் இப்படி அவள் வாயையே பொத்தியது. அவள் பட்டையைப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தாலிக்கு அடுத்தபடியாக அவள் நம்பிய பொருள் அது.

ஜோயல் ஒரு பை விளைமீனோடு வந்தான். பின்னால் கெசியா. அம்மாவின் கையில் தன் போன் இருப்பதைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவன்கூட ஏதாவது சொல்லிப் பார்ப்பான். அவன் அதையும் செய்யவில்லை. பையைக் கீழே வைத்தான்.

"எத்தன பேருக்குல தெரியும்?" என்றாள் எப்சிபா.

"எல்லாருக்கும்" என்றான் ஜோயல்.

கெசியா அழ ஆரம்பித்தாள். "நான் வேண்டாம்னு சொன்னேன்ம்மா" என்றாள். எப்சிபா அவள் பக்கம் திரும்பவில்லை. தலைப்பின்னலை முன்னால் இழுத்து விரலால் பிரித்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய், அல்வா, கருப்பட்டிக் காப்பி, முள் எடுத்த மீன். எல்லாம் தூண்டிலில் கோர்த்த இரை. தன் நாடியைத் தணிய வைக்கப் பரிமாறின விருந்து.

"அம்மா, நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளுங்க," என்றான் ஜோயல். "அப்பா போயி ஒன்றரை வருஷமாச்சு. கட்டில்ல கெடக்கது அப்பா இல்ல. அது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். அவுக கூடச் சேந்து நீங்களும் செத்துக்கிட்டு இருக்கீங்க. எடை பாதியாயிட்டு. நேராக் கேட்டா அழுதிருப்பீங்க. அழுதா சிவப்பு எரியும். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அவுக சாவும்போது நான் இங்க மணல்ல உக்காந்து மீனு திங்கணும்னு நெனச்சியாக்கும்?"

"நாம போயிச் சேரும்போது, தானா அடங்கிட்டாவன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் கள்ளத்தனம் இல்லை. அம்மாவுக்கு ஒரு நல்லது செய்யப் போனவனின் களைப்புத்தான் இருந்தது. அதுதான் எப்சிபாவைக் குத்தியது. கெட்டவன் என்றால் சபித்துவிட்டாவது போகலாம்.

"முப்பத்தஞ்சு வருஷம் கூடப் படுத்து எந்திச்சவ. கடைசி மூச்சுக்குக் கையப் பிடிக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையாலே?"

"பச்சை எரிஞ்சிருக்கேம்மா," என்றான் அவன், மெல்ல. "மூணு நாளும் எரிஞ்சிருக்கு. ஒங்க மனசுக்குள்ள சம்மதம்னு ஒண்ணு இல்லாம எப்படி எரியும்? பட்டை பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

எப்சிபா எழுந்து நின்றாள். "நான் ஆமென்னு சொன்னது கர்த்தர்கிட்ட. ஒங்கிட்ட இல்ல. அவர் கையில தாறேன்னு தெனமும்தான் சொல்லுதேன், கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லுதேன். அவர் எடுக்கும்போது எடுத்துக்கிடுவார். நீ எடுக்கதுக்கா சொன்னேன்? அந்தப் பச்சை ஏன் எரிஞ்சுதுன்னு ஒனக்குத் தெரியாது. நான் சொல்லுதேன், கேட்டுக்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு எம்மவன் முழங்கால் போட்டுட்டானேன்னு எரிஞ்சுது. அவன் வாயில இருந்து ஜெபம் வந்துட்டேன்னு எரிஞ்சுது. அதத்தான்ல நீ திருடிட்ட."

அந்தக் கணக்கு ஜோயல் போட்டதில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். முழங்கால் நனையும் தண்ணீரில் போய் நின்றாள். மனசை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண்ணை மூடி, ஆண்டவரே என்று ஆரம்பித்தாள். உடனே காதில் ஜோயலின் குரல் வந்தது. கடலுக்காக நன்றி, காற்றுக்காக நன்றி. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே குரல். பட்டை சிவப்பாகவே இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் சிவப்பு இன்னும் அழுத்தமாக எரிந்தது. மகன் அவளிடமிருந்து ஜெபத்தையும் எடுத்துக்கொண்டு விட்டான்.

அவள் கண்ணைத் திறந்து கரையைப் பார்த்தாள். அவர்கள் யாரும் பின்னால் வரவில்லை. காற்றில் ஒரு கூடாரம் மட்டும் சாய்ந்து நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது இதே கடற்கரைக்கு வந்து கூடாரம் போட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கயிறும் முளையும் உள்ள கூடாரம். எட்வினுக்குப் பௌதிகம் பாடம் நடத்தத் தெரியுமே தவிர ஒரு முளை அடிக்கத் தெரியாது. எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும் என்று மணலில் படம் போட்டு விளக்கினார். விளக்கி முடித்து உள்ளே போய்ப் படுத்தார். முழுக் கூடாரமும் அவர் மேல் சரிந்தது. பதறிக்கொண்டு ஓடினால், துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "ஏட்டி எப்சி, வானம் ரொம்பக் கீழ எறங்கி வந்துட்டு."

எப்சிபா சிரித்தாள். தண்ணீரில் நின்றபடி, தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது மூச்சு சீராக வந்தது. அந்த மனிதர் கட்டிலில் இல்லை என்பது அப்போது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தினமும் காலையில் சவரம் பண்ணும்போது தெரிந்ததுதான். குறுக்கெழுத்தைப் பாதியில் நிறுத்தும்போதெல்லாம் தெரிந்ததுதான். தன்னை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், அழ விட்டு, ஆற விட்டு, மறுபடி கேட்டிருந்தால், இன்றில்லாவிட்டாலும் இன்னொரு நாள் அவளே கொடுத்திருப்பாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்திருப்பாள். தானாகக் கொடுக்க இருந்ததைத்தான் திருடியிருக்கிறான்.

பட்டையைப் பார்த்தாள். பச்சை.

"தமயந்தியாம்மா? நான் எப்சிபா பேசுதேன். என் இசைவ நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

"பதிவாயிடுச்சும்மா." அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லிடுறேன்."

"இன்னொண்ணு கேக்கணும். இந்த உரிமைய எம்மவன் பேருக்கு மாத்திக் கொடுக்க முடியுமா?"

தமயந்தி தயங்கினாள். "முடியும்மா. ஆனா ஒரு தடவை கொடுத்துட்டா உங்ககிட்ட திரும்பி வராது. அப்புறம் அவர் சரின்னா சரி. நீங்க தடுக்க முடியாது. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"பட்டை என்ன நெறத்துல இருக்கும்மா?"

"பச்சையாத்தான் இருக்கு."

"அப்ப எழுதிக்கங்க. என்ன சொல்ல வச்சத அவனே சொல்லிப் பாக்கட்டும்."

கரைக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது ஜோயலுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு அவன் கண் நிறைந்தது. அம்மா தன்னைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. "நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா. நானே பாத்துக்கிடுதேன்" என்றான். எப்சிபா வேனில் ஏறி உட்கார்ந்தாள். விளைமீன் பை மணலிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. ஜோயலின் மணிக்கட்டில் புதுப் பட்டை கட்டினார்கள். டாக்டர் சட்டப்படி வாசித்தார்: "உங்கள் தந்தை எட்வினுக்குப் பொருத்தியுள்ள மூச்சுக் கருவியை நிறுத்த உங்களுக்கு இசைவா?"

"இசைவு" என்றான் ஜோயல்.

சிவப்பு.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். குரல் நடுங்காமல் திருத்தமாகச் சொன்னான். சிவப்பு. பட்டையில் கோளாறு என்றான். வேறு பட்டை கட்டினார்கள். அதுவும் சிவப்பு. அம்மா வெளியே போனால் சரியாகும் என்றான். எப்சிபா வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். உள்ளே எரிந்த நிறம் கதவுக் கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது.

அவன் தினமும் வந்தான். மூச்சுப் பயிற்சி பண்ணிவிட்டு வந்தான். ஒரு நாள் விடியுமுன் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். கட்டிலில் கிடப்பது அப்பா இல்லை என்று அம்மாவிடம் சொன்னதையெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டான். எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான், ஒன்றையும் மறுக்க முடியாது. பட்டை மட்டும் ஏற்கவில்லை. மற்றவர் மனசுக்கு வழி கண்டுபிடித்தவனுக்குத் தன் மனசுக்கு வழி தெரியவில்லை. மழைக்காலம் வந்தது. டாக்டர் கேட்பதை நிறுத்திவிட்டு, பட்டை கையிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். அதற்குப் பிறகும் ஜோயல் வந்தான். வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் எப்சிபாவின் கையிலிருந்து சவரக்கத்தியை வாங்கி, அவனே அப்பாவுக்குச் சவரம் பண்ணினான். தாடையின் கீழே கத்தி படாமல் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே தெரிந்துகொண்டான்.

எப்சிபா அவனோடு பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆனால் கடற்கரையிலிருந்து வந்த நாள் முதல் அந்த வீட்டில் குடும்ப ஜெபம் கிடையாது. அவள் தனியாகக்கூட வாய் விட்டு ஜெபிக்கவில்லை. சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையில் விளக்குப் போட்டதும், கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜோயல் திடீரென்று தரையில் முழங்கால் போட்டான். அவளைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்லணும்னு தெரியல," என்றான். "ஆண்டவரேன்னு கூப்பிட எனக்கு வாய் இல்ல. அப்பாவ விட முடியலன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே அம்மாவ விடச் சொல்லிட்டேன். அவங்க ஜெபத்தத் திருடிட்டேன். இப்ப அனுப்பவும் முடியல, வச்சுக்கவும் முடியல. நீரு இருக்கீரோ இல்லையோ தெரியாது. இருந்தா அம்மாவுக்காவது பதில் சொல்லும்."

அவ்வளவுதான் அவனுக்கு வந்தது. அதை எப்படி முடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மிஷின் மூச்சு விட்டது, இழுத்தது. ஜோயல் தலையைக் குனிந்தபடியே காத்திருந்தான். அவன் கையில் பட்டை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

எப்சிபா அவனை நெடுநேரம் பார்த்தாள். நெஞ்சில் அந்தக் காயம் ஆறவில்லை. ஆறும் என்ற நம்பிக்கையும் அவளுக்கு இல்லை. பிறகு தன் மணிக்கட்டைத் திருப்பி, பிரஷருக்கென்று இன்னும் கட்டியிருந்த பட்டையின் கொக்கியைத் தளர்த்தினாள். ஒரு வருடத்துக்கு மேல் வெயில் படாத இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டையைக் கட்டில் பக்கத்து இழுப்பறைக்குள் போட்டு, நன்றாகச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு, "ஆமென்" என்றாள்.